பேருக்கு முதலாளி

உங்கள் பெயரில் ஒரு விமானம் இருந்தால் என்ன செய்வீர்கள்? பொம்மை விமானம் இல்லை. இரண்டு டர்போப்ராப் எஞ்சின், இரண்டு விசிறி. பத்தொன்பது பேர் உட்காரலாம். இருக்கைகளைக் கழற்றிவிட்டால் அரிசி மூட்டையாக அடுக்கலாம். பதிவில் உங்கள் பெயர், வரி ரசீதில் உங்கள் பெயர்.

தஸ்நேவிஸ் அதில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் அவன் வேலை.

வேலைக்கு ஆள் எடுக்க வந்த பூங்கோதை மேடம் தூத்துக்குடி லாட்ஜ் அறையில் வைத்து அதைத்தான் சொன்னாள். கோயம்புத்தூர்க்காரி, கம்பெனியின் மேனேஜர். தஸ்நேவிஸ் அதுவரை தோணியில் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவன். தோணித் தொழில் படுத்த பிறகு சும்மா இருந்தான்.

"பிளேன் ஓட்டத் தெரியுமான்னு கேக்கவே மாட்டேங்கீங்களே மேடம்?"

"ஓட்ட வேண்டாமுங்கண்ணா. அதுவே ஓட்டிக்கும். நீங்க உக்காரோணும்."

"உக்காந்து?"

"உக்காரோணும். அவ்ளோதானுங்க." அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "பைலட் இல்லாத பிளேன் வந்தப்போ சனங்களுக்குப் பயமுங்க. உழுந்தா கம்பெனி பணத்தைக் கட்டிட்டுப் போயிருது, உசுரு போறது நம்முளுதுன்னு ஒரே கோவம். அதனால சட்டம் போட்டாங்க. பிளேன் யாரோடதோ, அவுங்களும் ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கோணும். மொதலாளி உசுரும் உள்ள இருந்தாத்தான் மெஷினை ஒழுங்கா வெச்சுக்குவாங்கன்னு."

"நல்ல சட்டமாத்தான இருக்கு."

"நல்ல சட்டமுங்க. அதனாலதான் உங்களைத் தேடி வந்திருக்கறோம்."

தஸ்நேவிஸுக்குப் புரிந்துவிட்டது. பினாமி என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இதுவரை பினாமிக்காரன் கையெழுத்தை மட்டும்தான் கொடுத்தான். இனி உடம்பையும் கொடுக்க வேண்டும்.

"எம்பேர்ல எழுதிட்டு, நாளைக்கு நான் வித்துட்டுப் போயிட்டேன்னா?"

"போக மாட்டீங்க. உங்க வீடு எங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியுமுங்களே." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்படித்தான் தஸ்நேவிஸ் பப்புவா நியூகினிக்குப் போனான். கடலோரத்தில் கவாரோ என்று ஒரு சின்ன ஊர். அதற்குப் பின்னால் மலை. மலைக்கு மேலே ரோடு கிடையாது, புல்வெளியைச் சமன்படுத்தி வைத்த ஓடுதளங்கள்தான். அரிசி, டின் மீன், மண்ணெண்ணெய் மேலே போகும். காப்பிக்கொட்டை கீழே வரும்.

விமானத்தைக் கைமாற்றியதும் விமானத்துக்குள் வைத்துத்தான். இந்த மாதிரி விமானங்களுக்குக் காகிதம் செல்லாது என்று சட்டம். காகிதத்தில் ஆயிரம் திருட்டுத்தனம் நடக்கிறதாம். கொடுப்பவரும் வாங்குபவரும் விமானத்துக்குள் இருந்து, விமானம் கேட்க, அவரவர் பாஷையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழைய பினாமி ஒரு மலையாளி. முட்டிவலி வந்து ஊருக்குப் போகிறவர். அவர் மலையாளத்தில் "கொடுத்து" என்றார். தஸ்நேவிஸ் "வாங்கிக்கிட்டேன்" என்றான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே இறங்கியபோது மெக்கானிக் நூகுத்தம்பி எண்ணெய்க் கையோடு ஒரு சலாம் வைத்தான்.

"வாங்க முதலாளி. என் சம்பளத்த எப்ப ஏத்துவீங்க?"

நூகு காயல்பட்டினத்துக்காரன். தூத்துக்குடிக்குப் பக்கத்து ஊர் ஆள் ஒருத்தன் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்ததுதான் தஸ்நேவிஸுக்கு ஒரே ஆறுதல். தினமும் பறந்து முடிந்ததும் நூகு எஞ்சின் வாயில் தண்ணீர் அடித்துக் கழுவுவான், கடல் உப்பு அரிக்காமல் இருக்க. அப்போது தஸ்நேவிஸ் குழாயைப் பிடித்துக்கொள்வான். தொப்பை இடிக்கும்.

"இந்தத் தொப்பைக்கே ரெண்டு மூட்டை அரிசி கொறையுது ஓய், பிளேன்ல," என்பான் நூகு.

"முதலாளின்னா தொப்பை வேண்டாமாடே? எவன் நம்புவான்?"

விமானத்தை ஓட்டுகிற மூளைக்குக் கம்பெனி ஏதோ பெயர் வைத்திருந்தது. தஸ்நேவிஸ் அதைத் தண்டல் என்று கூப்பிட்டான். தோணியில் தலைவனை அப்படித்தான் சொல்வார்கள். இந்தத் தண்டல் பேசுவது ரேடியோ செய்தி மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் ஒரே கேள்வி கேட்கும்.

"உரிமையாளரே, இந்தப் பயணத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் சம்மதத்தை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்."

பட்டனை அமுக்கினால் போதாது. எழுதிக்கொடுத்ததைப் படித்தாலும் ஏற்காது. சொந்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் தஸ்நேவிஸ் வாயில் வந்தது, வீட்டை விட்டு எங்கே கிளம்பினாலும் வருவதுதான்:

"போயிட்டு வாரேன்."

"போவதும் வருவதும் உங்கள் நிபந்தனை. ஏற்றுக்கொள்ளப்பட்டது," என்றது தண்டல்.

அதன் அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. மேலே சில தளங்களில் கம்பெனி பீப்பாயில் விமான எண்ணெய் வைத்திருந்தது. அங்கே போகும்போது போவதற்கு மட்டும் எண்ணெய் நிரப்பி, மிச்ச எடைக்குச் சரக்கு ஏற்றுவது வழக்கம். தஸ்நேவிஸ் வந்ததிலிருந்து தண்டல் திரும்பி வருகிற எண்ணெயையும் சேர்த்து நிரப்பாமல் கிளம்பவில்லை. திரும்ப முடியாதோ என்று சந்தேகம் இருக்கிற இடத்துக்குக் கிளம்பவே இல்லை.

பூங்கோதை கவாரோவுக்கே நேரில் வந்துவிட்டாள். "ஏனுங்கண்ணா, 'போறேன்'னு மட்டும் சொன்னா என்னங்க? ஒவ்வொரு ட்ரிப்லயும் சரக்கு கொறையுதுங்க."

"அத எப்பிடி மேடம் சொல்ல? வாய் வராது."

"எனக்கும் வராதுதானுங்க. ஆனா மெஷின்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"சொல்லுதது நான்லா?"

அவன் வீட்டில் ஒரு தடவை அவன் தம்பி அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டான். அம்மா பின்னாலேயே ஓடி, சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, நடுவீட்டில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வாரேன்" என்று சொல்லவைத்துத்தான் விட்டாள். பஸ் போய்விட்டது. இன்டர்வியூவும் போய்விட்டது. அதற்காக அம்மா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பூங்கோதை பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். அவளும் தமிழச்சிதானே, அதற்கு மேல் எப்படி வற்புறுத்துவாள்?

மேலே இருந்த தளங்களில் தஸ்நேவிஸுக்குப் பிடித்தது எமாலி. மலைச்சரிவில் சாய்ந்து கிடக்கும் ஓடுதளம். இறங்கும்போது ஏற்றத்தைப் பார்த்து இறங்க வேண்டும், கிளம்பும்போது சரிவில் உருண்டு பள்ளத்தாக்குக்குள் பாய வேண்டும். புல் வெட்டுவதும், ரேடியோவில் மேகம் எப்படி இருக்கிறது என்று சொல்வதும், மருந்துக் குடிசையில் ஊசி போடுவதும் எல்லாம் டெலிசா என்கிற ஒரே பெண்பிள்ளை. நல்ல உயரம், பெரிய குரல். அந்த ஊர்ப் பொதுப்பாஷையைத் தஸ்நேவிஸ் தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தான்.

"தாஸ், நிஜமாவே இது உன் விமானமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"ஆமா."

"பின்ன ஏன் கிழிஞ்ச செருப்பு போட்டிருக்க?"

அவன் சிரித்துவிட்டான். விமானம் கிளம்பும்போதெல்லாம் அவள் கையை ஆட்டி, "லுக்கிம் யூ, தாஸ்!" என்று கத்துவாள். உன்னைப் பார்ப்பேன், அதாவது அப்புறம் பார்ப்போம் என்று அர்த்தம். அந்த ஊரில் போறேன் என்பதற்குப் பதில் அதைத்தான் சொல்கிறார்கள் போல என்று தஸ்நேவிஸ் நினைத்துக்கொண்டான். இங்கேயும் நம்மைப் போல ஆட்கள்தான்.

அந்த வருஷம் வேறொரு தீவில் ஒரு விமானம் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த பினாமி முட்டத்துக்காரன். பேப்பரில் 'பிரபல தொழிலதிபர் பலி' என்று போட்டார்கள். அவனுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருந்ததில்லை. தஸ்நேவிஸின் மனைவி ஜெபமாலை போனில் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினாள்.

"நீங்க அங்க என்ன சொல்லிக் கெளம்புதீங்க?" என்று கேட்டாள்.

"போயிட்டு வாரேன்னுதான்."

"அத மாத்தாதீங்க."

மழைக்காலத்தில் ஒரு நாள் மத்தியானம் எமாலியிலிருந்து ரேடியோ வந்தது. மலை சரிந்துவிட்டது. பள்ளிக்கூடமும் ஓடுதளத்தின் கீழ்ப்பாதியும் போய்விட்டன. நாலு பேருக்குப் பலத்த காயம். அவர்களில் வாத்தியார் கெனாய்க்குத் தொடையில் தகரம் வெட்டி ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. "நான் கையால அமுக்கிப் பிடிச்சிருக்கேன். கட்டுப் போட்டா நிக்கல. கையை எடுத்தா ஆள் போயிடுவார்," என்றாள் டெலிசா. அவள் குரல் அன்றைக்குப் பெரிதாக இல்லை. ஹெலிகாப்டர் எல்லாம் பெரிய ஊரில். மேகம் மூடிவிட்டதால் அவை நாளைக்குத்தான் கிளம்பும்.

அப்போது கவாரோவுக்கு வந்திருந்த பூங்கோதை தலைமை அலுவலகத்துக்குப் பேசிவிட்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாங்கறாங்கண்ணா. ஓடுதளம் பாதிதான் இருக்குது, இன்சூரன்ஸ் வராது, பிளேனை அனுப்பாதன்னு சொல்லிட்டாங்க."

"தண்டல் எறக்கிருமா?"

"எறக்கிருமாமுங்க. எறங்கறதுக்கு ஏத்தம் இருக்குதில்ல. திரும்பக் கெளம்பறதுதான்..." அவள் முடிக்கவில்லை.

"அப்ப நான் போவேன்."

"அண்ணா, நீங்க பேருக்குத்தானுங்க ஓனரு."

"பேரு என்னுதுதான மேடம்."

பூங்கோதை அவனையே பார்த்தாள். "போனா வேலை இருக்காதுங்க. நான் சொல்லல, அவுங்க சொல்றாங்க."

"வேல போனாப் போவட்டும்," என்றான். சொல்லிவிட்டானே தவிர, பயம் இருந்தது. பயம் வேலையைப் பற்றி இல்லை.

நூகு கேள்வியே கேட்கவில்லை. இருக்கைகளையும் சரக்குக் கட்டும் வலையையும் கழற்றி வெளியே எறிந்துகொண்டிருந்தான். தஸ்நேவிஸ் ஏறித் தன் இடத்தில் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். தண்டல் கேட்டது. அவன் எப்போதும்போல் சொன்னான்.

"போயிட்டு வாரேன்."

"மன்னிக்கவும், உரிமையாளரே. போக முடியும். வருவதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. உங்கள் சொல்லில் இரண்டும் இருக்கின்றன. ஆகவே இந்தப் பயணத்தைத் தொடங்க இயலாது."

"நாந்தான சொல்லுதேன், கெளம்பு."

"நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறேன். வராமல் போனால், சொன்னதை மீறியவன் ஆவேன்."

தஸ்நேவிஸ் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை வாயைத் திறந்து மூடினான். பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"போறேன்."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது."

வாசலில் நின்ற நூகுவுக்குக் கேட்டுவிட்டது. ஒரே தாவில் ஏறி உள்ளே வந்தான்.

"என்ன ஓய் சொன்னீரு? எறங்கும். எறங்கும்ங்கேன். பெல்ட்டக் கழத்தும்."

"நேரமில்ல நூகு."

"தண்ணி குடிக்க நேரமிருக்கு." அவனைப் பிடித்து இறக்கி, ஒரு மண்ணெண்ணெய்ப் பீப்பாய் மேல் உட்காரவைத்து, பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினான். தஸ்நேவிஸ் குடித்தான். சட்டையெல்லாம் தண்ணீர். "இப்பச் சொல்லும்."

"'போறேன்'னு சொன்னாத்தாம்ல கெளம்பும்."

நூகு ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு விமானத்துக்குள் தலையை நீட்டி உரக்கச் சொன்னான். "இவருக்குப் பதிலா நாஞ் சொல்லுறேன். போயிட்டு வருவாரு!"

"நீங்கள் உரிமையாளர் அல்ல. உங்கள் சொல் கணக்கில் வராது," என்றது தண்டல்.

தஸ்நேவிஸ் எழுந்து மறுபடி ஏறிக்கொண்டான். வலது எஞ்சின் முதலில் சீறியது, பிறகு இடது. நூகு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

எமாலியில் தண்டல் இறக்கிய விதத்தைத் தஸ்நேவிஸ் சாகும்வரை மறக்க மாட்டான். மேகத்தில் ஒரு ஓட்டை. அதற்குள் மூக்கைக் குத்தி, சரிந்த மண்ணுக்குச் சற்று மேலே சக்கரத்தை வைத்து, விசிறிகளைப் பின்பக்கம் தள்ளவிட்டு, செம்மண்ணை இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு ஏறி, மேட்டில் போய் நின்றது. அவன் இருக்கையை இறுகப் பிடித்திருந்ததில் விரல்கள் திரும்ப நீளவே கொஞ்ச நேரம் ஆனது.

நாலு பேரையும் தரையில் பாய்போட்டுப் படுக்கவைத்தார்கள். டெலிசா கெனாயின் தொடையில் இரண்டு கையையும் ஊன்றியபடியே, குனிந்தே நடந்து ஏறினாள். தஸ்நேவிஸ் அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

"எடை அதிகம்," என்றது தண்டல். "இருக்கிற ஓடுதளத்தில் இந்த எடையோடு எழும்ப முடியாது."

ஏணியை எறிந்தார்கள். கதவை ஒட்டியிருந்த பெட்டியை எறிந்தார்கள். கவாரோ போய்ச் சேரத் தேவையானது போக மிச்ச எண்ணெயை இறக்கினார்கள்.

"இன்னும் ஒரு ஆள் அதிகம்."

கெனாய் ஏதோ முனகினார். நாலு பேரில் யாரையும் இறக்க முடியாது. டெலிசா கையை எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது தொப்பை போட்ட முதலாளி ஒருத்தன்தான்.

"நான் எறங்குதேன்," என்றான் தஸ்நேவிஸ்.

"உரிமையாளர் இல்லாமல் நான் நகர முடியாது."

சட்டம் அப்படி. அவன் இருந்தால் எடை, இறங்கினால் சட்டம். தஸ்நேவிஸ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்னால் வந்து டெலிசாவின் முன்னால் குந்தினான்.

"டெலிசா, நான் கொடுக்கிறதை வாங்கிக்கிறேன்னு சொல்லு."

"எதை?"

"விமானத்தை."

"எந்த விமானத்தை?"

"இதைத்தான்."

அவள் அவனைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நீ என்ன, கோழியா கொடுக்கிற?"

"கோழி மாதிரிதான். இனாம்." பிறகு மேலே பார்த்துத் தமிழில் சொன்னான். "தண்டலு, கேட்டுக்கோ. இத நான் டெலிசாவுக்குக் குடுத்துட்டேன்."

"வாங்குபவர் சொல்ல வேண்டும்," என்று தண்டல் அவள் பாஷையில் அவளிடம் சொன்னது.

டெலிசா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. "சரி, சரி, எனக்குத்தான்! கிளம்பித் தொலை!"

"கைமாறியது. உரிமையாளரே, இந்தப் பயணத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். உங்கள் சம்மதத்தை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்."

தஸ்நேவிஸ் அதற்குள் குதித்துச் சேற்றில் நின்றிருந்தான். கதவை மூடப் போனான். கதவிடுக்கில் டெலிசாவுக்கு அவன் முகம் தெரிந்தது. எப்போதும் சொல்வதைச் சொன்னாள்.

"லுக்கிம் யூ, தாஸ்."

"ஏற்றுக்கொள்ளப்பட்டது," என்றது தண்டல்.

விமானம் சரிவில் உருண்டது. மண் அறுந்த விளிம்பு வரை சக்கரம் தரையை விடவில்லை. விளிம்பைத் தாண்டியதும் கீழே விழுந்து மறைந்தது. தஸ்நேவிஸ் ஓடினான். விளிம்புக்குப் போவதற்குள் எஞ்சின் சத்தம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்தது. எதிர்மலைக்கு முன்னால் விமானம் சின்னதாகத் தெரிந்து, ஒரு வெள்ளை மேகத்துக்குள் நுழைந்தது. அவன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். தன் பெயரில் ஒன்றும் இல்லாத மனிதனாக உட்கார்ந்திருந்தான். பசித்தது.

சாயங்காலம் மருந்துக் குடிசை ரேடியோவில் பூங்கோதை வந்தாள்.

"அண்ணா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"குடுத்துட்டேன் மேடம். ஆளுக எப்படி இருக்காக?"

"இருக்காங்க. வாத்தியாருக்குக் காலை எடுக்கறாங்க, உசுருக்குப் பயமில்லீங்க. அந்தம்மாகிட்டப் பிளேனைத் திருப்பிக் கேட்டனுங்க. எங்காளுக எவ்வளவோ தர்றேன்னாங்க. அந்தம்மா தூங்கோணும்னு சொல்லிட்டுப் போயிருச்சு." ரேடியோ கரகரத்தது. "உங்க வேலை போச்சுங்கண்ணா."

"தெரியும் மேடம்."

"அங்கிருந்து வர்றதுக்கு ரோடு இல்லீங்களே. எங்காளுக ஹெலிகாப்டர் அனுப்ப மாட்டாங்களாமா. நீங்க இப்ப ஓனருமில்ல, ஸ்டாஃபுமில்லைங்கறாங்க." அவள் குரல் இறங்கியது. "நான் எதாவது பாக்கறனுங்க."

"பரவால்ல மேடம். நான் போறேன்னுதான சொல்லிட்டு வந்தேன். வாரேன்னு சொல்லலியே."

டெலிசாவின் அத்தை சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக் கொடுத்தாள். அதைத் தின்றுவிட்டு, மருந்துக் குடிசையில் பெஞ்சில் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மழை இல்லை. விமானம் வந்து மேட்டில் நின்றது. கதவு திறந்தது. டெலிசா முன் இருக்கையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விமானத்துக்குள்ளேயே படுத்தேன், தூங்கவிடவில்லை என்றாள். 'உன்னைப் பார்ப்பேன்' என்று சொல்லிவிட்டு வந்த ஆளை இன்னும் பார்க்கவில்லை, பயணம் முடியவில்லை என்று விடிந்ததிலிருந்து தண்டல் சொல்லிக்கொண்டே இருந்ததாம். பின்னால் நூகு போட்டுக்கொடுத்த ஒரே ஒரு இருக்கை இருந்தது. அதன்மேல் ஒரு தண்ணீர் பாட்டில். தஸ்நேவிஸ் ஏறி அதில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். தண்டல் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.